கண்ணடிக்கிறாள் என்றார்கள்

எனக்கு 7 வயதில் கண் கொட்டுவதில் ஆரம்பித்தது. பிறகு மூக்கை உறிஞ்சுவது, உதட்டை ஒரு பக்கம் இழுப்பது, தொண்டையில் 'ம்ஹூம்' என்றொரு சத்தம், வலது தோளைத் தூக்கிப் போடுவது என்று ஒன்று போய் ஒன்று வந்துகொண்டே இருந்தது. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். தோள் மட்டும் மிச்சம். இதை எழுத உட்கார்ந்த உடனேயே அதுவும் வேலையைத் தொடங்கிவிட்டது. இப்படித் தானாகத் திரும்பத் திரும்ப வருகிற அசைவுக்கும் சத்தத்துக்கும் 'டிக்' என்று பெயர். டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் வரும். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் எரிச்சலாக இருக்கிறது.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஒன்றில் வேலை பார்க்கும் என் அண்ணனின் மகனுக்கும் இப்போது இதேதான். வயது 9. அண்ணி போனில் கேட்பதற்கெல்லாம் துண்டு துண்டாகப் பதில் சொல்லி வருகிறேன். அவர் மாதிரி இன்னும் எத்தனை பேர் எதை எதையோ கேட்டுக் குழம்பிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியதால் மொத்தமாக எழுதுகிறேன்.

முதலில் பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டிக் பையன்களுக்குத்தான் அதிகம். பெண்களைவிட மூன்று நான்கு மடங்கு. அதனால் பெண்ணுக்கு வந்தால் அது நோயாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆறாம் வகுப்பில் எனக்கு இரண்டு கண்ணும் கொட்டுவது நின்று, இடது கண் மட்டும் இறுக்கி மூடித் திறப்பதாக மாறியது. பையனாக இருந்திருந்தால் தூசி விழுந்துவிட்டது என்றிருப்பார்கள். நான் கண்ணடிக்கிறேன் என்றார்கள். சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே நிற்கிற ஆட்கள் திரும்பக் கண்ணடிப்பார்கள். 'ரோட்டுல தலையைத் தூக்காத' என்று அம்மா உத்தரவு போட்டார். எட்டாவது முடியும்வரை அந்த ரோட்டில் என் செருப்பைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை.

எதிர் வீட்டு ஆயா மட்டும் வேறு மாதிரி கவலைப்பட்டார். 'பொம்பளைக்கு இடக்கண்ணு துடிச்சா நல்லதும்பாங்க. இவளுக்கு முன்ன ரெண்டும் துடிச்சுதே, அதுக்கு என்ன பலன் கண்ணு?'

வைத்தியம் எப்படிப் போகும் என்று டிக் உள்ள யாரைக் கேட்டாலும் ஒரே வழியைத்தான் சொல்வார்கள். கண் கொட்டினால் கண் டாக்டர். பார்வை நன்றாக இருக்கிறது, சொட்டு மருந்து. மூக்கை உறிஞ்சினால் அலர்ஜி. தொண்டையைச் செருமினால் காது மூக்கு தொண்டை டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார். பல்லை நறநறவென்று கடித்தால் பூச்சி மாத்திரை. இத்தனைக்கும் நடுவே அந்த அந்த டிக் தானாகவே போய்விடும், அடுத்தது வரும். கடைசியில் 'நரம்புத் தளர்ச்சி' என்று யாராவது சொல்ல, லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வைத்தியரிடம் அப்பா என்னைக் கூட்டிப்போனார். அந்த வார்த்தைக்கு எங்கள் ஊர்ச் சுவரெல்லாம் எந்த மாதிரி விளம்பரம் இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை உள்ளே வந்ததும் வைத்தியரே நெளிந்தார். லேகியம் கொடுத்தார். இனிப்பாக இருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. தோள் குலுங்குவதற்குச் சற்று முன்னால், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஓர் இறுக்கம் சேரும். வலியில்லை, நமைச்சலும் இல்லை. இரண்டுக்கும் இடையில் ஏதோ. தோளைத் தூக்கிப் போட்டால் அது அடங்கும். அடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரும்பச் சேரும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் 'அடக்கினா நின்னுடுமில்ல?' என்று கேட்டார். கண்ணை மூடாமல் என்னையே பாருங்கள் என்றேன். நாம் எல்லோரும் நிமிஷத்துக்கு 15, 20 தடவை கண் கொட்டுகிறோம்; கொட்டுவதே தெரியாது. அவர் பிடிவாதமாகப் பார்த்தார், கண்ணில் நீர் கோர்த்தது, பிறகு படபடவென்று நாலைந்து தடவை சேர்த்துக் கொட்டினார். 'இப்ப நீங்க வேணும்னு கொட்டினீங்களா, தானா கொட்டுச்சா?' என்றேன். யோசித்துவிட்டு 'ரெண்டும்தான்' என்றார். எனக்குத் தெரிந்து டிக்கை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் அடக்க முடியும் என்பதுதான் எல்லா வம்புக்கும் காரணம். எங்கள் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோர்ப்பேன். சின்னச் சின்ன வளையம், பார்வை அதிலேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் வராது. கவனம் ஊன்றிச் செய்கிற வேலையில் டிக் குறையும். இது பலருக்கும் உள்ளதுதான். எழுந்து சாப்பிட உட்கார்ந்தால் கண், தோள், தொண்டை எல்லாம் வரிசையாக வரும். அம்மா ஒரு முடிவுக்கு வந்தார்: 'வேலை செய்யறப்ப வரலீல்ல? அப்ப சும்மா இருக்கறப்ப வேணும்னுதான் பண்றே.' விருந்தாளி வந்தால் அடக்குகிறாள், போனதும் ஆரம்பிக்கிறாள், அப்படியென்றால் திமிர். வாத்தியாரும் இதையேதான் சொல்வார், உறவுக்காரரும் இதையேதான் சொல்வார். வெளியிலிருந்து பார்த்தால் அவர்கள் வாதத்தில் ஓட்டையே இல்லை; அதனால்தான் பிள்ளையால் பதில் சொல்ல முடிவதில்லை.

இருபது வயதுக்கு மேல்தான் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததைவிடக் கூட வந்திருந்த அப்பாவைத்தான் அதிகம் பார்த்தார். அப்பாவுக்குக் கனைப்பு உண்டு. நாலு வீடு தள்ளி வரும்போதே கேட்கும். பட்டறையில் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பெரிய மனுஷன் கனைத்துக்கொண்டு வருகிறார் என்று தெருவில் அதற்கொரு மரியாதை. 'உங்களுக்கு இது எந்த வயசுல வந்துச்சுங்க?' என்று டாக்டர் கேட்டார். அப்பா 'எதுங்க?' என்று கேட்டுவிட்டுக் கனைத்தார். டிக் பல குடும்பங்களில் வழிவழியாக வரும் என்று டாக்டர் விளக்கினார். ஆம்பளைக்கு வந்தால் கம்பீரம், அதே தொண்டை எனக்கு வந்தால் லேகியம். அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.

எனக்கு இருப்பது டூரெட் என்றார் டாக்டர். உடம்பில் பல டிக்கும், சத்தமாக வருவது ஒன்றாவதும் 18 வயதுக்குள் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தால் அந்தப் பெயர். வருஷம் ஆகவில்லையென்றால் தற்காலிக டிக் என்பார்கள். சின்னப் பிள்ளைகள் பலருக்கு வருவதும் போவதும் அதுதான். 1885இல் பாரிஸில் ஜில் த லா டூரெட் என்ற டாக்டர் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். அந்த ஒன்பதில் ஒருவர் தாம்பியேர் என்ற சீமாட்டி. அதற்கு 60 வருஷம் முன்பே, 1825இல், இத்தார் என்ற இன்னொரு டாக்டர் அவரைப் பற்றிப் பதிவு செய்திருந்தார். அந்த அம்மாவுக்கும் 7 வயதில் தொடங்கியதாம். அவருக்குக் கெட்ட வார்த்தைகள் தன்னையறியாமல் வாயில் வந்துவிழும். டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை என்று பலர் நினைப்பதற்கு இந்த மாதிரிக் கதைகள்தான் காரணம். உண்மையில் பத்தில் ஒருவருக்குத்தான் அது, கொஞ்சம் கூடலாம். எனக்கு இல்லை. என் அண்ணன் மகனுக்கும் இல்லை. ஆனால் அவனுக்கு 'ரைட்' உண்டு.

ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர் சொல்கிற 'ரைட்.' கேட்ட சத்தம் ஒட்டிக்கொண்டு டிக்காகிவிடுவது உண்டு. பையன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று 'ரைட்' என்பான். டீச்சர் கணக்குப் போட்டு முடித்ததும் ஒரு 'ரைட்.' வகுப்பே சிரிக்கும். கிண்டல் செய்கிறான் என்று வெளியே நிறுத்தினார்கள். வெளியே நின்றால் பதற்றம், பதற்றத்தில் இன்னும் நாலு 'ரைட்.' அவனுக்கு இன்னொன்றும் உண்டு: மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவிலும் போர்டில் உள்ள எண்ணை அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் ஊர் வந்து சேரும்வரை மனசு அடங்காது. இது டிக் இல்லை, அதன் பக்கத்து வீடு. டிக் உள்ளவர்களுக்கு இந்த மாதிரி 'சரியாக அமைந்தால்தான் விடுவேன்' என்கிற கட்டாயமும், ஒரு இடத்தில் உட்கார முடியாத பரபரப்பும் கூடவே இருப்பது சகஜம். படிப்பைக் கெடுப்பது பல சமயம் டிக் இல்லை, இவைதான். டாக்டரிடம் போகும்போது இவற்றையும் சொல்ல வேண்டும்.

இங்கே என் வீட்டுக்காரரைக் கொண்டுவர வேண்டும். அவருக்கு டிக் எதுவும் கிடையாது, ஆனால் 'என்ன சொல்ல வர்றேன்னா' உண்டு. ஏலச்சீட்டு நடத்துகிறார். சீட்டு எடுக்கிற அன்றைக்கு நாலு வாக்கியம் பேசினால் மூன்று 'என்ன சொல்ல வர்றேன்னா' வரும். எங்கள் கடைசித் தம்பிக்கு 'பாத்தீங்கன்னா.' அம்மாவுக்கு நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு 'ச்சு.' எனக்குப் பேச்சின் முடிவில் 'இல்லீங்களா.' இவையும் தன்னையறியாமல் வருபவைதான், ஆனால் ஜாதி வேறு. இவற்றுக்கு முன்னால் அந்த இறுக்கம் சேர்வதில்லை. அடுத்த வார்த்தை கிடைக்கும்வரை பேச்சை வேறு யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் இவற்றின் வேலை. சொல்லாமல் விட்டாலும் உடம்பு அதைக் கேட்டு நச்சரிக்காது.

அவர் பழக்கம் குறைந்ததற்குக் காரணம் வாட்ஸாப். கொலுசு ஆர்டருக்கு ஒரு வியாபாரிக்குக் குரல் செய்தி அனுப்பிவிட்டு, சரியாகப் போனதா என்று தானே போட்டுக் கேட்டார். பாதியில் நிறுத்திவிட்டு 'நான் இப்பிடியா பேசறேன்?' என்றார். நான் சொன்னது ஒன்றுதான்: அந்த இடம் வரும்போது வேறு வார்த்தை தேட வேண்டாம், வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விடுங்கள். ஆரம்பத்தில் அந்த மௌனம் அவருக்கு ஒரு யுகமாகத் தெரிந்தது. கேட்கிறவர்கள் கவனிக்கவே இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு 'என்ன சொல்ல வர்றேன்னா'வுக்கும் விரலை உயர்த்திக் காட்டினேன். சில வாரங்களில் பாதிக்கு மேல் போய்விட்டது. முழுசாகப் போக வேண்டியதும் இல்லை. இழுவையே இல்லாமல் பேசுகிற மனுஷனை எங்கள் பக்கம் யாரும் நம்ப மாட்டார்கள்.

அண்ணி இதைப் பார்த்துவிட்டுப் பையனுக்கும் அப்படியே செய்தார். தோள் குலுங்கினால் விரல். 'ரைட்' சொன்னால் விரல். சாயந்திரம் முழுக்க ஒன்றும் வராமல் இருந்தால் நோட்டில் ஒரு ஸ்டார். பையன் அம்மா எதிரில் அடக்குவான், பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு மொத்தமாகக் குலுக்குவான். அந்த வாரத்தில் தலையை வெட்டுகிற புது டிக் ஒன்றும் சேர்ந்தது. நான் மலையேறிப் போய் அந்த நோட்டை வாங்கி வந்துவிட்டேன். பேச்சுப் பழக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் கவனிப்பது மருந்து. டிக்குக்கு அதுவே தீனி. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஆனால் டிக்கைக் கவனிக்கவே கூடாது என்றும் இல்லை. கவனிக்க வேண்டியது அவன், நாம் அல்ல. அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் ஒரு பயிற்சியை எழுதினார்கள். நகம் கடிப்பது, முடியைப் பிடுங்குவது, டிக் எல்லாவற்றுக்கும் அதே முறை. டிக் வருவதற்கு முன்னால் சேர்கிற இறுக்கத்தை அடையாளம் காணப் பழக வேண்டும். அது வந்ததும், டிக்கோடு சேர்ந்து செய்யவே முடியாத வேறொரு அசைவைச் செய்து, இறுக்கம் தானாக இறங்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். எனக்குத் தோளுக்குச் சொல்லிக்கொடுத்தது: முழங்கையை விலாவோடு ஒட்டித் தோளை மெல்லக் கீழே அழுத்துவது. தொண்டைச் சத்தத்துக்கு, வாயை மூடி மூக்கு வழியாக வயிறு எழும்பி இறங்க மெதுவாக மூச்சு. கண்ணுக்கு, அவசரப்படாமல் ஒழுங்காக மெதுவாகக் கொட்டுவது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. இதையே விரிவாக்கி, வீட்டிலும் பள்ளியிலும் டிக்கைத் தூண்டுகிற சூழலையும் மாற்றுகிற பயிற்சியாக, அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுவரையுள்ள 126 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் 10 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது: பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேல் நன்றாகத் தேறினார்கள். ஆறுதலும் பொதுவான ஆலோசனையும் மட்டும் பெற்றவர்களில் அது ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மற்றப் பாதிப் பேருக்கு அவ்வளவாகப் பலன் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எனக்குத் தோளுக்கு வேலை செய்கிறது, களைப்பாக இருக்கும் நாளில் செய்வதில்லை. பையனுக்கு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வீடியோ காலில் சொல்லிக்கொடுக்கிறார். 'ரைட்'டைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார்கள், அவனுக்கு அதுதான் அதிகத் தொல்லை என்பதால். எதை முதலில் குறைப்பது என்று அவனையே கேட்டார்கள். அண்ணிக்குத் தலை வெட்டுவதை நிறுத்த வேண்டும். அவர் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு நானும் அண்ணனும் போனோம். பேசினால் வாக்குவாதமாகும் என்று அரைப் பக்கத்தில் எழுதி எடுத்துப் போனோம். இவன் வேண்டுமென்று செய்வதில்லை. அடக்கச் சொன்னால் கொஞ்ச நேரம் அடக்குவான், அந்த நேரத்தில் பாடம் தலையில் ஏறாது. சத்தம் வந்தால் கேட்காத மாதிரிப் பாடத்தைத் தொடருங்கள். முன் வரிசை வேண்டாம், பின்னால் ஓரத்தில் உட்கார வையுங்கள், எல்லோரும் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறார்கள் என்ற எண்ணம் இருக்காது. கேட்டால் இரண்டு நிமிஷம் வெளியே போய்வர விடுங்கள், ஆனால் தண்டனையாக நிறுத்த வேண்டாம். இவ்வளவுதான். வகுப்புப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று டீச்சர் கேட்டார். அவனையே சொல்லவிடுங்கள் என்றேன். 'எனக்கு இது தும்மல் மாதிரி வரும், ஒட்டாது' என்று எழுந்து சொன்னானாம். மறுநாளிலிருந்து 'ரைட்' என்றால் ஒரு பையன் 'ஏறு ஏறு' என்கிறான். இது கிண்டலா சிநேகமா என்று அண்ணி இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். இவனே சிரிப்பதால் நான் தலையிடவில்லை.

டாக்டரிடம் போவதற்கு முன் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில், புது ஆள் எதிரில், பெரும்பாலும் டிக் வராது, ஓ.பி. சீட்டு வாங்கி மணிக்கணக்கில் காத்திருந்துவிட்டு 'நல்லாத்தானே இருக்கான்' என்று கேட்டுத் திரும்பி வருவோம். பையனிடம் சொல்லிவிட்டு எடுங்கள், ஒளிந்து எடுக்காதீர்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல், மனநலம் இரண்டும் இருக்கின்றன. எதில் தொடங்கினாலும் சரி.

துடிப்பதெல்லாம் டிக் இல்லை என்பதற்காகவும் டாக்டர் வேண்டும். கண் இமையின் ஓரம் மட்டும் புழு ஊர்கிற மாதிரி துடிப்பது தூக்கக் குறைவு, காபி, டீ, அலைச்சல் இவற்றால் வருவது. பெரும்பாலும் தானாகப் போகும். நடுத்தர வயதில் முகத்தின் ஒரு பாதி மட்டும் கண்ணிலிருந்து கன்னம்வரை வெட்டி இழுத்தால், முக நரம்பை ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருக்கலாம். அதற்கு ஊசி சிகிச்சை இருக்கிறது. துடிக்கும்போது பிள்ளைக்கு நினைவு தப்பினாலோ, கூப்பிட்டால் காதில் விழாமல் வெறித்தாலோ வலிப்பா என்று பார்க்க வேண்டும். தொண்டைப் புண் வந்து சில வாரம், சில மாதம் கழித்துக் கைகால்கள் நெளிந்து, கையில் பிடித்த டம்ளர் நழுவி, எழுத்தும் கோணினால் அதைச் சேட்டை என்று விட்டுவிடக் கூடாது. அது இதயத்தையும் பாதிக்கிற வாதக் காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது. தலை வெட்டி வெட்டிக் கழுத்து வலித்தாலோ, தூங்கவோ படிக்கவோ முடியாமல் போனாலோ, பிள்ளையே சங்கடப்பட்டாலோ கொடுப்பார்கள். பையனுக்குக் கழுத்து வலிக்கு அப்புறம் குளோனிடின் தொடங்கியிருக்கிறார்கள். முதலில் தூக்கமாக இருந்தான். நன்றாக இருக்கிறான் என்று நாமாக அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

'எப்பதான் போகும்?' என்று அண்ணி கேட்காத நாளில்லை. பொதுவாக 10, 12 வயதில் உச்சத்துக்குப் போய், அதற்கப்புறம் குறைந்து, பதினெட்டு இருபதுக்குள் பெரும்பாலானவர்களுக்கு வெகுவாக அடங்கிவிடும். என்னைப் போல் சிலருக்குத் தங்கும். ஆக அவனுக்கு இன்னும் கொஞ்ச வருஷம் கூடத்தான் வாய்ப்பு. கூடினால் வைத்தியம் தோற்றுவிட்டது என்று மாதம் ஒரு டாக்டர் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இன்னொன்று, இது ஏறி இறங்குகிற நோய். நாம் பதறிப்போய் ஓடுவது அது உச்சத்தில் இருக்கும்போது. அதற்கப்புறம் எப்படியும் இறங்கத்தான் போகிறது. அந்தச் சமயத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் போய்விடும். எனக்குக் கண் நின்றதற்கு லேகியம் என்றார் அப்பா, கோட்டை மாரியம்மன் என்றார் அம்மா. அடுத்த மாசமே மூக்கு ஆரம்பித்தது. வேண்டுதலில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று அம்மா சொன்னார்.

சேர்வராயன் கோயிலில் மந்திரித்துப் பையனுக்குக் கறுப்புக் கயிறு கட்டப் போவதாகப் போன வாரம் அண்ணி சொன்னார். தாராளமாகக் கட்டுங்கள் என்றேன். கட்டுகிற தேதியை மட்டும் காலண்டரில் எழுதச் சொல்லியிருக்கிறேன், மாத்திரை தொடங்கிய தேதிக்கும் பயிற்சி தொடங்கிய தேதிக்கும் பக்கத்தில்.